பிடி இல்லாத கத்தி

காலை ஒன்பது மணிக்குப் பட்டறையின் ஷட்டரைத் தூக்கினார் கத்திக்காரர். கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் போன் அடித்தது. அப்போதுதான் டீ டம்ளரைக் கையில் எடுத்திருந்த இன்ஸ்பெக்டர் அதை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, ஏட்டையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து சூடான டீ குடித்ததாகச் சரித்திரம் இல்லை.

"என்ன காணாமப் போச்சு?"

"பிடிம்மா."

"எதோட பிடி?"

"மடக்குக் கத்தியோட பிடி."

"அப்போ கத்தி?"

"கத்தி இருக்கு."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். "கத்தியை விட்டுட்டுப் பிடியை மட்டும் தூக்கிட்டுப் போனானா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கிறுக்கனைப் பார்த்ததே இல்ல மேடம்."

வேலை மேஜையில் விரித்த பச்சைத் துணிமேல் கத்தி கிடந்தது. அலகு, பூட்டு, இரண்டு பக்கமும் மெல்லிய இரும்புத் தகடு, அவ்வளவுதான். தகடுகள்மேல் இருக்க வேண்டிய மரக்கட்டைகள் இரண்டையும் காணவில்லை. நான்கு ஸ்க்ரூக்கள் ஒரு டப்பா மூடியில் பத்திரமாக இருந்தன. தகடுகளின் ஓரத்தில், பேனா ஒழுகிய விரல்போல, அங்கங்கே நீல மை ஒட்டியிருந்தது.

"எப்ப முடிச்சீங்க இதை?"

"நேத்து சாயங்காலம். மொத்த வேலையும் முடிச்சு, எண்ணெய் போட்டுத் துடைச்சு, இதே துணிமேல வெச்சுட்டுப் போனேன். இன்னைக்கு வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருந்தார்."

"யாரு?"

"நர்சரி வெச்சிருக்கார். பழமரத்துக்கு ஒட்டுக் கட்டுறவர்." கத்திக்காரர் அந்தக் கத்தியை மடக்கித் திறந்து காட்டினார். க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. "பார்த்துப் பார்த்துச் சொன்ன ஆர்டர்ம்மா. ஒரு பக்கம் மட்டும் சாணை வேணும், அப்பத்தான் வெட்டு தட்டையா விழும். செடிப்பால் படும், அதனால கறை பிடிக்காத இரும்பு. ஒரு கையில குச்சி இருக்கும், அதனால ஒத்தைக் கையால திறக்கணும். வெட்டும்போது மடங்கவே கூடாது. பிடிக்கு மட்டும் மரம் அவரே கொண்டு வந்தார்."

"என்ன மரம்?"

கத்திக்காரர் கத்தியைத் துணிமேல் வைத்து, அதை நேராக்கினார்.

"அவர் பொண்ணோட ஹாக்கி மட்டை. போன வருஷம் காய்ச்சல்ல தவறிட்டா. மட்டையில அவ கை பிடிச்ச இடத்துலேருந்துதான் கட்டை வெட்டணும்னு சொன்னார். வேர்வை ஊறி அந்த இடம் கறுத்திருக்கும்."

ஏட்டு தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் ஜோக் அடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பட்டறையைச் சுற்றி வந்தாள். கண்ணாடி அலமாரியில் முடிந்த கத்திகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து அதன் முதுகில் நகத்தை ஓட்டினாள். மரம் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று நகத்துக்குத் தெரியவில்லை.

"எப்படி இவ்வளவு வழவழன்னு?"

அந்த நேரத்திலும் கத்திக்காரரின் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "பிடியை மாட்டின பிறகுதான் ஓரத்தைச் சாணையில காட்டுவோம். மரமும் இரும்பும் ஒண்ணாத் தேயும். தனித்தனியா தேய்ச்சா இப்படி வரவே வராது."

மூலை மேஜையில் புதிதாக வெட்டிய தகடுகள் முழுக்க நீலமாகக் கிடந்தன. அதைப் பற்றியும் கேட்டாள்.

"கோடு கீறினா பளிச்சுனு தெரியணும்ல, அதுக்கு இந்த மை. சாணைக்குப் போனா ஓடிடும்."

அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடுப்புப் பெட்டி, தண்டனை வாங்கின பையன்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தது. மரம் காயவைக்கும் பெட்டி, கெட்டுப்போய்விட்டது என்றார்.

"திருடன் எப்படி வந்தான்?"

"அந்தப் பின் ஜன்னல்தான். தாழ்ப்பாள் போட மறந்துட்டேன்."

ஏட்டு போய்ப் பார்த்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அதன் கட்டையில் இரும்புத் தூள், மாவு சலித்ததுபோல் ஒரே சீராகப் படிந்திருந்தது. அவர் விரலால் ஒரு கோடு போட்டு இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

பத்தரை மணிக்கு நர்சரிக்காரர் வந்தார். அன்றைக்கென்று சலவைச் சட்டை போட்டிருந்தார். இரண்டடி பின்னால் அவர் மனைவி வந்தாள். மருந்துக் கடையில் வேலை. கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து வருபவர்கள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

விஷயத்தைக் கேட்டதும் நர்சரிக்காரர் கத்தியைப் பார்க்கவில்லை. நேராக மனைவியைப் பார்த்தார்.

"நீதானே?"

அந்தம்மா கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"மட்டையை அறுக்கவே கூடாதுன்னு அழுதவ இவதான்ம்மா. நேத்து சாயங்காலம் இங்க வந்து நின்னிருக்கா, பக்கத்து டயர் கடைக்காரர் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணினார். எதுக்கு வந்தே? சொல்லு! இருந்தது அது ஒண்ணுதான். அதையும் என் கையில தங்க விடலையே நீ!" இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "இனிமே இவகூட ஒரே வீட்டுல இருக்க மாட்டேன். இன்னைக்கே இவ அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்."

"ஆமா," என்றாள் அந்தம்மா. "நான்தான் எடுத்தேன்."

அப்போது கத்திக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டதை இன்ஸ்பெக்டர் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

அந்தம்மாவை முன்னறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

"எப்படிம்மா உள்ள போனீங்க?"

"பின் கதவு வழியா."

"பின் கதவே இல்லையே. ஜன்னல்தான் இருக்கு."

"அப்போ ஜன்னல்."

"எதை வெச்சுக் கழட்டினீங்க?"

"கத்திரிக்கோல்."

"எத்தனை ஸ்க்ரூ?"

"ரெண்டு இருக்கும்."

"கட்டை இப்ப எங்கே?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"ஏன்ம்மா செய்யாததைச் செஞ்சதா சொல்றீங்க?"

அந்தம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"எங்க வாலுப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப, எங்க கடையிலேருந்துதான் மாத்திரை எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். விளையாடப் போகணும்னு ஒரே பிடிவாதம். உடம்பு ஆறியிருந்துச்சு, போயிட்டு வாடின்னு அனுப்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, லேட்டா வந்துட்டீங்கன்னு சொல்லிட்டாங்க." டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னையிலேருந்து எங்க வீட்டுல எது நடந்தாலும் குத்தவாளி நான்தான். அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். ஆனா தெரியும்ல. இன்னைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார். இல்லைன்னு வாதாட எனக்குத் தெம்பு இல்லம்மா."

"நேத்து எதுக்கு வந்தீங்க?"

"அவர் பாக்கெட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம்னு வந்தேன். இந்தக் கத்திக்காரர் காட்ட மாட்டேன்னுட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கல."

இன்ஸ்பெக்டர் எழுந்து கதவைத் திறந்தாள்.

எல்லோரும் வேலை மேஜையைச் சுற்றி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்து ஒரு கத்தியை எடுத்துப் பிடி இல்லாத கத்திக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தம்மா எடுக்கல," என்றாள். "ஜன்னல் கட்டையில தூள் கலையவே இல்ல. அது வழியா யாருமே வரல. வெளியே எதுவும் போகவும் இல்ல."

"அப்போ பிடி?" என்றார் நர்சரிக்காரர்.

"இந்தக் கத்திக்குப் பிடி மாட்டவே இல்லைங்க." அலமாரிக் கத்தியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "மாட்டின பிறகு மரத்தையும் இரும்பையும் சேர்த்துச் சாணையில காட்டுவாங்க. இதைப் பாருங்க, ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கு. இப்ப உங்க கத்தியைப் பாருங்க. ஓரத்துல நீல மை அப்படியே இருக்கு. சாணையைத் தொட்டிருந்தா முதல்ல போறது அந்த மைதான். நேத்து மொத்த வேலையும் முடிஞ்சதுன்னு சொன்னவர் ஒருத்தர்தான்." அவள் திரும்பினாள். "நீங்களே சொல்லிடுங்க."

கத்திக்காரர் மறுக்கவில்லை. மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, ஒரு துணி முடிச்சை எடுத்து வெளியே வைத்தார். அதை அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை. இன்ஸ்பெக்டர்தான் அவிழ்த்தாள். உள்ளே கரித்துண்டுகளும், வெடித்துப் பிளந்த இரண்டொரு சிராய்களும் கிடந்தன.

"ஈரம் இருந்தா பின்னாடி வெடிச்சிடும்னு காயவெச்சேன். எல்லா மரத்துக்கும் செய்யறதுதான். இளஞ்சூட்டுல வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். பெட்டி கெட்டுப்போய் சூடு ஏறிக்கிட்டே போயிருக்கு. நேத்து காலையில கதவைத் திறந்தா ஒரே புகை."

"வேற மரத்தை மாட்டிக் குடுத்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஏட்டு.

"மாட்டத்தான் போனேன் சார். அதே நிறத்துல கட்டைகூட வாங்கிட்டு வந்தேன். நாள் முழுக்க அதைப் பிடிச்சுக்கிட்டு, பொண்ணு கையைப் பிடிச்சிருக்கிறதா இவர் நினைச்சுப்பாரே. அந்தப் பொய்யை மட்டும் என்னால செய்ய முடியல. திருடு போச்சுன்னா யாரோ ஒரு திருடனைத் திட்டிட்டுப் போயிடுவார்னு நினைச்சேன். பழி இந்தம்மா தலையில விழும்னு சத்தியமா நினைக்கல."

"முழுக் கத்தியையும் மறைச்சிருந்தா நானே ஏமாந்திருப்பேன்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

கத்திக்காரர் அந்தக் கத்தியைப் பார்த்தார். "மனசு வரலம்மா. நல்லா வந்த கத்தி."

நர்சரிக்காரர் மேஜையைச் சுற்றிக் கத்திக்காரர் பக்கத்தில் வந்தார். அடிக்கப்போகிறாரோ என்று ஏட்டு ஓரடி முன்னால் வந்தார். கத்திக்காரரும் அதற்குத் தயாராகத்தான் தலை குனிந்திருந்தார்.

ஆனால் நர்சரிக்காரர் அவர் தோளில் கையை வைத்தார். "வேணும்னேவா செஞ்சீங்க? நல்லதுக்குத்தானே உள்ள வெச்சீங்க. இப்படி ஆகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாம நடந்துபோச்சு. விடுங்க."

அவர் மனதார அதைச் சொன்னார். கத்திக்காரர் வயதில் பெரியவர், அப்படியே உடைந்து அழுதார்.

"என்னங்க," என்றாள் அந்தம்மா.

குரல் உயரவில்லை. இருந்தாலும் எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கும் தெரியாதுங்க. சாதாரணக் காய்ச்சல்னுதான் நினைச்சேன். நல்லதுக்குத்தான் மாத்திரை குடுத்தேன்." கத்திக்காரரைக் காட்டினாள். "இவருக்கு இப்ப சொன்னீங்களே, அதை ஒரே ஒரு தடவை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

நர்சரிக்காரர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருடனைப் பிடித்துக் கொடுத்தால் போனது திரும்பி வரும், அதுதான் அவள் வேலை. இங்கே திரும்பி வர எதுவும் இல்லை. அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள், அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். உடனே அவள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"பிடிக்கு என்ன செய்யட்டும்?" என்று கடைசியில் கத்திக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எதுல சொன்னாலும் செஞ்சு தரேன்."

நர்சரிக்காரர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அலகு, பூட்டு, இரும்பு, மரம் என்று அந்த ஆர்டரில் ஒவ்வொன்றையும் அவரே தேர்ந்தெடுத்திருந்தார். மட்டையை அறுக்கக் கொண்டுபோன அன்றுகூட அவளிடம் கேட்கவில்லை.

"நீ சொல்லு," என்றார்.

அந்தம்மா துணியில் கிடந்த கரியை விரலால் விலக்கினாள். தீ முழுக்கத் தின்னாத ஒரு சிராய் அகப்பட்டது. தீயில் கறுத்ததா, வேர்வையில் கறுத்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாம், வா," என்றார் அவர்.

"ஒரே வீட்டுலயா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் எழுந்து கையை நீட்டினார். அந்தம்மா தன் கையைத் தரவில்லை. சிராயை அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிறகு முன்னால் நடந்தாள்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும் மேடம்?" என்றார் ஏட்டு.

"திருட்டு எதுவும் நடக்கலைன்னு எழுதுங்க."

எதிரே பஸ் நிறுத்தத்தில் இருவரும் நிற்பது பட்டறை வாசலிலிருந்து தெரிந்தது. இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. பஸ் வந்தது. மூடிய கையைத் திறக்காமலே அவர் ஒதுங்கி, மனைவியை முதலில் ஏறவிட்டார்.