எடை கேட்டவன்

லாயத்தின் கதவு திறந்திருந்தது. அவள் நேற்று மாலை அதைத் தாழ்போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

தூறலில் நனைந்த குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே ஓர் ஆண்குரல்... மெல்ல, கெஞ்சலாக...

"அவ்வளவுதான்... அவ்வளவுதான்டா ராசா... கொஞ்சம் வாயத் திற..."

எட்டிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவன் அவளுடைய குதிரையின் உதட்டை விலக்கிப் பிடித்துப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டார்ச்சை அதன் கண்ணுக்கு நேரே கொண்டுபோனான்.

"யாரு நீங்க?" குடை அவள் கையில் கம்பாக மாறியிருந்தது.

அவன் திடுக்கிடவில்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"குதிரை வாங்க வந்தவன். உங்க அண்ணன்கிட்ட போன்ல பேசினேனே... பம்பு மெக்கானிக்."

"நாளைக்குத்தானே வரச் சொன்னோம்?"

"நாளைக்கு வந்தா, எனக்காகத் தயார் பண்ணி வெச்ச குதிரையத்தான் பாக்க முடியும். எனக்கு இன்னிக்குக் குதிரையப் பாக்கணும்."

"தானம் குடுத்த மாட்டையே பல்லப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க..."

"இது தானமில்லையே. காசு குடுத்துல்ல வாங்கப் போறேன்."

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பவன் எதைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரியாதா? சுருக்கென்றது.

"மருந்து குடுத்து நிறுத்தியிருக்கோமான்னு பாக்கறீங்களா?"

"ஆமா," என்றான், ஒளிக்காமல். "ஏழு வயசு. காலு நாலும் சுத்தம். இவ்வளவு சாதுவான குதிரைய இந்த விலைக்கு யாரும் குடுக்க மாட்டாங்க. என்ன குறைன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"ஒரு குறையும் இல்ல. எனக்கு நேரமில்ல, அவ்வளவுதான்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பெய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மேகத்தின் நிறம் அந்தக் கண்களில்... இடது கண் மட்டும் லேசாகச் சுருங்கியது. 'முக்கால் பவர் இருக்கும். கண்ணாடி போடாத திமிர்' என்று மனதுக்குள் எழுதிக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் அவளுடைய 'நேரமில்ல' கொஞ்சம் கூசிப்போய் நின்றது.

"பேரு?"

"மாப்பிள்ளை."

"என்னது?"

"குதிரைக்குப் பேரு மாப்பிள்ளை. நடையப் பாத்து அண்ணன் வெச்சது."

அவன் உதடு சிரிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். "சரி... மாப்பிள்ளை எடை எவ்வளவு இருப்பாரு?"

"எடையா?"

"தோராயமாச் சொன்னாப் போதும். அப்புறம்... யாராவது தெரியாம மேல வந்து மோதிட்டா உதைப்பாரா? இல்ல, அப்படியே நிப்பாரா?"

"நிப்பான். ஏறி ஒரு சுத்து வந்து பாருங்களேன்."

"எனக்குக் குதிரை ஓட்டத் தெரியாதுங்க."

ஓட்டத் தெரியாது. ஓட்டம் எப்படி என்று கேட்கவில்லை. எடை கேட்கிறான்... அசையாமல் நிற்குமா என்று கேட்கிறான்...

அவன் லாயத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த தன் வண்டியைத் திறந்து டார்ச்சை உள்ளே போட்டபோது கண்டாள். கனத்த சங்கிலி, கப்பி, சுருட்டிய கயிறு. வரிசையாகத் தொங்கும் இரும்புக் கொக்கிகள்.

"மூணு நாள்ல வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

*

"இறைச்சிக்கு விக்கறவனா இருப்பான்ணா," என்றாள் வீட்டில்.

மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் சட்டைப் பித்தானை விட்டுவிட்டுத் திரும்பினான். "பம்பு மாட்டறவன் வண்டியில சங்கிலி இல்லாம சாமந்திப் பூவா இருக்கும்? ஆறு மாசமா அது மேல நீ ஏறல. நிழல்ல நின்னு நின்னு அதுக்கும் கால் மரத்துப்போச்சு. விக்கறேன்னு சொன்னதும் நீதான். இப்ப வந்தவனுக்கெல்லாம் கொம்பு முளைச்சிருக்குன்னா எப்படி?"

அவள் குடையை உதறி ஆணியில் மாட்டினாள். பேசினால் வேறொன்றும் சேர்ந்து வந்துவிடும்.

மறுநாள் கடையில் ஒரு பெரியவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த வண்டி போனது... சங்கிலி கிலுங்க.

"ஐயா, ஒரு நிமிஷம் உக்காந்திருங்க."

"ஏம்மா, எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுதே..."

"அப்படியே இருங்க. வந்துடறேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள். கடைத்தெரு, ரயில் பாதை, செங்கல் சூளை... ஊர் முடிந்து வாய்க்கால் கரை வந்தது. ஒரு மரப்பாலத்துக்கு இந்தப் பக்கமே அவன் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனான். ஐந்து நிமிடம் விட்டு அவளும் பாலத்தில் கால் வைத்தாள். பலகைகள் முனகின. அந்தப் பக்கம் ஓட்டு வீடு, நீண்ட கொட்டகை. விட்டத்திலிருந்து அங்கேயும் ஒரு கொக்கி தொங்கியது. அதில் மாட்டியிருந்ததைப் பலகைச் சுவர் மறைத்தது. சுவரின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கொக்கியில் ஒரு தண்ணீர் மோட்டார் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைத் தாண்டி, முற்றத்தில், ஒரு கிழட்டுப் பெண்குதிரை. இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியது போல வெள்ளை. அவன் கையில் ஒரு சின்ன மணி. ஆட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அது ஒவ்வோர் அடியாக வந்தது. வழியில் வாளியில் இடித்து நின்றது. நடுங்கியது.

"ஒண்ணுமில்ல பெரியம்மா... வாளிதான்... நான் எடுத்துடறேன்..."

அவள் எத்தனையோ கண்களைப் பார்த்தவள். இந்தக் கண்ணுக்கு எந்தக் கண்ணாடியும் கிடையாது என்பது அங்கிருந்தே தெரிந்தது. தன்னை மறந்து கதவைத் தள்ளிவிட்டாள்.

அவன் திரும்பினான். கையிலிருந்த மணி ஓய்ந்தது. வாய்க்காலில் தூறல் விழும் சத்தம் மட்டும்...

"பின்னாடியே வந்தீங்களா?"

"எடை கேட்டீங்களே..." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அந்தப் பாலம் எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போடணும்ல. வண்டியில ஏத்திட்டு வந்தாத் தாங்காது. நடத்தித்தான் கூட்டிட்டு வரணும்." பெரியம்மாவின் கழுத்தைத் தடவினான். "இதுக்குத் துணையா ஒண்ணு இருந்துச்சு. அது கழுத்துல மணி கட்டியிருப்போம். இது அது பின்னாடியே போகும், மேயும், வரும். போன வருஷம் அது செத்துப்போச்சு. நான் வேலைக்குப் போயிட்டா இது நின்ன இடத்த விட்டு நகர்றதில்ல."

பிறகுதான் அவனுக்கு ஏதோ உறைத்தது.

"நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "கொல்லக் கொண்டு போறீங்கன்னு நெனச்சேன்."

அவன் முகம் மூடிக்கொண்டது. மேகம் கண்ணிலிருந்து நெற்றிக்கு ஏறியது.

"தப்பில்லங்க. நானும் உங்களச் சந்தேகப்பட்டவன்தான். துணைக்குன்னு ஏற்கனவே ஒண்ணு வாங்கினேன். மருந்து குடுத்து ஆட்டுக்குட்டி மாதிரி நிறுத்தி வெச்சிருந்தாங்க. மருந்து தெளிஞ்சதும் இத உதைச்சுத் தள்ளிடுச்சு. விலாவுல இன்னும் வீக்கம் இருக்கு, பாருங்க. அதான் கேட்டேன். இப்பவும் கேக்கறேன். உங்க குதிரைக்கு என்ன குறை?"

"குறையே இல்லன்னு சொன்னேனே."

"சொல்லும்போது என் கண்ணப் பாக்க மாட்டேங்கறீங்களே."

சுள்ளென்று வந்தது கோபம். கண்ணைப் பற்றி அவளிடமே பேசுகிறானா? "நம்பிக்கை இல்லன்னா வாங்காதீங்க."

"அப்ப வேணாங்க. விட்டுடுங்க."

*

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "வந்த ஒருத்தனையும் விரட்டிட்டியா? கொள்ளுன்னா வாயத் திறக்கறதும் கடிவாளம்னா மூடிக்கறதும் குதிரை குணம்பாங்க. உனக்கு ஏன் வந்துச்சு அது?"

மறுநாள் காலை லாயத்துக்குப் போனாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். பிறகு வழக்கம்போல, சுவரில் தொங்கும் சேணத்தைப் பார்த்தான். ஆறு மாதமாகத் தினமும் இதுதான். அவளால் தாங்க முடியாததும் இதுதான்.

கயிற்றை மாட்டி அவிழ்த்தாள். ஏறவில்லை. நடந்தாள். கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரயில் பாதையில் மழை பிடித்துக்கொண்டது. குடை எடுத்துவரவில்லை. சூளையைத் தாண்டும்போது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பாலத்தில் மாப்பிள்ளை ஒரு கணம் தயங்கி, அவள் தோளை மோந்துவிட்டு, பலகையில் கால் வைத்தான்.

மெக்கானிக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டான்.

"குறை என்னன்னு கேட்டீங்களே." அவளுக்கு மூச்சிரைத்தது. "குறை எங்கிட்டதான் இருக்கு. ஆறு மாசம் முன்னாடி இவன் மேல ஏறும்போது சேத்துல வழுக்கி நானாத்தான் விழுந்தேன். மணிக்கட்டு ஒடிஞ்சு, எழுந்திருக்க முடியாம கிடந்தேன். குதிரை கீழ தள்ளினதுமில்லாம குழியும் பறிச்சுதாம்னு சொல்வாங்க... ஆனா இவன் எனக்கு மேல நாலு காலையும் ஊனிக்கிட்டு நின்னான். ஆள் வர்ற வரைக்கும் ஒரு கால எடுத்து வைக்கல. ஒரு மணி நேரம். இப்படித்தான் மழை..."

அவன் மழைக்குள் இரண்டடி நெருங்கி வந்தான்.

"கை சரியாயிடுச்சு. ஆனா ஏறணும்னு கால வெச்சா உடம்பெல்லாம் உதறுது. பயம். யார்கிட்டயும் சொல்லல. அண்ணன்கிட்டகூட நேரமில்லன்னுதான் சொல்லியிருக்கேன். இவன் தினம் காத்துக்கிட்டு நிக்கறதப் பாக்க முடியல. சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னுதான் அந்த விலை சொன்னேன்."

வாய் கோணி அழுகை வந்துவிட்டது. மழை இருந்ததால் பரவாயில்லை...

பெரியம்மா அந்நிய மணத்தைப் பிடித்துக்கொண்டு தடுமாறி வந்தது. வேகமாகவே வந்து மாப்பிள்ளையின் விலாவில் முட்டியது. மாப்பிள்ளை அசையவில்லை. கழுத்தைத் திருப்பி, அந்த வெண்கண்ணுக்குப் பக்கத்தில் மெதுவாக ஊதினான். கிழவி தன் தலையை அவன் முதுகில் சாய்த்துக்கொண்டது.

"அவருக்கு எதெது ஆகாது, சொல்லுங்க," என்றான் மெக்கானிக். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தான். காகிதம் நனையும் என்று உள்ளங்கையில் எழுதினான்.

"இடது காதத் தொட்டாக் கூச்சம். பிளாஸ்டிக் உறை காத்துல பறந்தா மிரளுவான். வாளி கழுவலன்னாத் தண்ணி குடிக்க மாட்டான். இடி இடிச்சா... யாராவது பேசிக்கிட்டே இருக்கணும். என்ன பேசினாலும் பரவால்ல."

கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். திரும்பி நடக்கும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பின்னால் ஒரு கனைப்பு... ஒன்றே ஒன்று. திரும்பிப் பார்த்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று பயந்து பாலத்தைத் தாண்டினாள்.

*

நம்பிக்கை உடனே வந்துவிடுமா? சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பாள். குளம்பைத் தூக்கிப் பார்ப்பாள், வாளிக்குள் விரல் விட்டுப் பார்ப்பாள். "இன்ஸ்பெக்டர் வந்தாச்சு, எல்லாரும் வரிசையில நில்லுங்க," என்பான் அவன். குறை ஒன்றும் கிடைக்காது. கிடைக்காததே அவளுக்கு ஒரு குறை. மழைக்காலம் முடிந்ததும், இடிக்கு மிரள்வானே என்று போவதற்கிருந்த காரணமும் தீர்ந்துபோனது. இரண்டு வாரம் போகவில்லை.

அப்போதுதான் போன் வந்தது. "மாப்பிள்ளை சாப்பிட மாட்டேங்கறாரு." ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருந்தான். நான்கு நாள் கழித்து மறுபடி போன்... மறுபடி ஓடினாள்.

மூன்றாம் முறை அவள் போனபோது சாயங்கால வெயில் முற்றத்தில் கிடந்தது. மாப்பிள்ளை கழுத்து மணி கிணுகிணுக்க முன்னே மேய, பெரியம்மா பின்னே மேய்ந்துகொண்டிருந்தது. தீவனத் தொட்டி துடைத்து வைத்தது போலக் காலி.

"சாப்பிடலன்னு சொன்னீங்க."

"சொன்னேன்." அவன் கையிலிருந்த ஸ்பானரை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"பொய்."

"ஆமா. பொய்தான்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்." தரையைப் பார்த்துச் சொன்னான். "அவரு நல்லாத்தாங்க சாப்பிடறாரு. தூங்கறாரு. பெரியம்மாவும் நல்லா இருக்கு. இங்க சாப்பாடு இறங்காதது எனக்கு மட்டுந்தான்... ஸ்கூட்டர் சத்தம் கேக்காத நாள்ல. இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பம்புன்னா எங்க அடைப்புன்னு கண்டுபிடிச்சுடுவேன்..."

அவன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்துக்கொண்டே, பதிலுக்குப் பயந்துகொண்டே, நின்றான்.

அவள் வேலியில் சாய்ந்துகொண்டாள்.

"முதல் தடவையே எனக்குத் தெரியும்," என்றாள். "சாப்பிடாத குதிரை வாயில பச்சைப் புல்லு ஒட்டியிருக்காது."

"தெரிஞ்சுமா... மறுபடி வந்தீங்க?"

"கடைய மூடிட்டு வந்தேன்," என்றாள் அவள். "மூணு தடவையும்."