நான்னா ஆரு?

கீபோர்டின் என்டர் கட்டை ஈரமாக இருந்தது. வெறும் தண்ணீர் என்றால் ருக்சானா துடைத்துப்போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இது விரலோடு ஒட்டி எழும்பி, நூலாக நீண்டு, அறுந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். எச்சில். சொத்தைப் பல்லும் வெள்ளை படிந்த நாக்குமாக நெடுநேரம் மூடிக் கிடந்த ஏதோ ஒரு வாயின் எச்சில்.

“சீ, கருமம்!”

மர்வாவின் வேலையாக இருக்குமோ என்று நினைத்தாள். எட்டு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பிஸ்கட் தின்றுவிட்டு, தெருமுனையில் சபீதா லாத்தா வீட்டுக்குக் குர்ஆன் ஓதப் போயிருந்தாள். ஆனால் அவள் மேசைப் பக்கமே வரவில்லையே? வரவும் மாட்டாள். ருக்சானா துடைத்த இடத்தில் எறும்புகூட யோசித்துத்தான் ஏறும் என்று, கடல் கடந்து போய்த் தம்மாமில் வேலை பார்க்கும் அவள் புருஷன் நூர்முகம்மது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

டெட்டாலில் நனைத்த துணியால் கட்டை கட்டையாகத் துடைத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். மேலப்பாளையத்தில் விடாத கார்த்திகை மழை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், ஊர்ச் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் அழுகிய தேங்காய் மட்டையுமாகக் கரையைத் தொட்டு ஓடியது. உள்ளே கொடியில் காயாத துணிகளின் புளித்த வாடை, சுவரில் ஊறிய சுண்ணாம்பின் வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வாய்க்காலின் முடைநாற்றம். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தாள். நாற்றத்துக்கு அத்தர் பூசினாற்போல் ஆனதே தவிர, அது போகவில்லை.

அவள் தொழில் கையேட்டுப் பக்கங்களைச் செப்பம் செய்வது. ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறாள். இன்றைக்கு வாய்த்தது ஒரு பழைய நிரலின் கையேடு. அந்த நிரல் பெரிதாக ஒன்றும் செய்யாது. கணினிக்குள் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து இன்னொரு கணினி, ‘இந்த இணைப்பில் உன் பக்கம் இருப்பது யார்?’ என்று கேட்டால், அந்தப் பயனரின் பெயரைச் சொல்லும். கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். இப்படிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நிரல்களை அந்தத் தொழிலில் டீமன் என்பார்கள்; ஆங்கிலத்தில் பேய்க்குச் சொல்வதும் அப்படித்தான் ஒலிக்கும். கூட வேலை பார்க்கும் சாலோமிக்குக் கேலி செய்ய அது போதும்.

“என்னக்கா, பேய் எப்படி இருக்கு?” என்று மதியம் பாளையங்கோட்டையிலிருந்து போன் போட்டிருந்தாள்.

“பேய்ங்காத பிள்ள. பக்கமா இது? பத்துப் பேரு தின்னுட்டுப் போட்ட எச்சித் தட்டு மாதிரி இருக்கு. பார்க்கப் பார்க்க ஓங்கரிக்கி.”

“அதனாலதான் ஒங்ககிட்ட வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள கழுவிக் குடுத்துருங்க.”

கழுவித்தான் கொடுத்தாள். யார் யாரோ எழுதி, யார் யாரோ நடுவில் செருகி, யாருமே திரும்பிப் படிக்காத பக்கம் அது. ஒரே எச்சரிக்கை மூன்று இடத்தில், மூன்று விதமான எழுத்துப்பிழையோடு நின்றது: தெரியாதவர் கேட்டால் பெயரைச் சொல்ல விடாதீர்கள். ‘மறைந்த பயனர்’ என்று மட்டும் சொல்ல வையுங்கள். இரண்டை அழித்தாள். மூன்றாவதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் என்று கேட்டால் பெயரை மறைப்பதாம்! என்ன வளர்ப்பு இது?

அவளுடைய வாப்பா கதவு விஷயத்தில் வெகு கறார். வாசலில் நிற்பவர் முதலில் சலாம் சொல்ல வேண்டும். யார் என்று கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும். மார்க்கம் சொல்லிக்கொடுத்த மரியாதை அது என்பார். ‘நான்தான்’ என்று எவராவது சொல்லிவிட்டால் போச்சு. “நான்னா ஆரு? ஒமக்குப் பேரு வைக்கலையா வே?” என்று உள்ளே உட்கார்ந்தபடியே கேட்பார். சொந்த மச்சானையே கொட்டும் மழையில் நிறுத்தி வைத்த மனுஷன். ருக்சானா அந்தப் பழக்கத்தை மர்வாவுக்கும் ஊட்டியிருந்தாள். மர்வாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சலாம் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே “நான்தான்” என்பாள். “நான்னா ஆரு?” என்று உம்மா அதட்டியதும், “மர்வா பாத்திமா, நூர்முகம்மது மவ, வாய்க்கால் தெரு, மேலப்பாளையம், திருநெல்வேலி, இந்தியா, பூமி!” என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அதன் பிறகுதான் கதவு திறக்கும்.

ஆகவே மூன்றாவது எச்சரிக்கையையும் அழித்தாள். யார் கேட்டாலும் பெயரை முழுசாகச் சொல்லும்படி உதாரணக் கட்டளையை மாற்றி எழுதினாள். தான் ஓட்டிப் பார்க்காத உதாரணத்தை அவள் எழுதிக் கொடுத்ததே இல்லை. இதையும் தன் லேப்டாப்பிலேயே ஓட்டினாள். அதில் மூன்று கணக்குகள்: அவளுடையது, விடுமுறையில் வரும்போது நூர்முகம்மது படம் பார்க்க ‘நூர்’ என்று ஒன்று, மர்வா வீட்டுப்பாடம் செய்ய ஒன்று. போனிலிருந்து ‘யார்?’ என்று கேட்டாள். ‘ருக்சானா’ என்று லேப்டாப் பதில் சொன்னது. திருப்தியாக எழுந்து போய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பியபோதுதான் அந்த எச்சில்.

இப்போது கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வி பதிவாகியிருந்தது.

யார்?

நூர்.

இதை அவள் கேட்கவில்லை. கேட்ட இடம் வெளியூரும் இல்லை, வெளிநாடும் இல்லை. அவள் வீட்டு வைஃபை. வைஃபையில் இருந்தவை லேப்டாப், போன், அப்புறம் பெயரில்லாத ஏதோ ஒன்று. பக்கத்து வீட்டுப் பயல்கள் பாஸ்வேர்டைத் திருடியிருப்பான்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கை தன்னாலே மறுபடி டெட்டால் துணியைத் தேடிப் போயிற்று.

கதவு தட்டப்பட்டது.

தட்டியது விரல் முட்டியால் அல்ல. தசையால். ஈரமான, கனமான எதையோ பலகையில் ஒட்டி ஒட்டி எடுப்பதுபோல் சத்தம் கேட்டது.

“ஆரு?”

“நான்தான்.”

ஆண் குரல். வாய் நிறைய எச்சிலை வைத்துக்கொண்டு, அதைத் துப்பவும் மனமில்லாமல் விழுங்கவும் மனமில்லாமல் பேசும் குரல். ஆனாலும் ருக்சானாவின் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

“நான்னா ஆரு?”

மழைதான். பிறகு, எங்கேயோ கேட்டு வைத்ததை ஒப்பிப்பதுபோல்:

“நூர்.”

அவள் அசையாமல் நின்றாள். காலடிச் சத்தம் எதுவும் விலகிப் போகவில்லை. ஆனால் கதவிடுக்கு வழியாக வந்த எச்சில் நாற்றம் மெதுவாகக் குறைந்தது. பைய ஜன்னலுக்குப் போய்க் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை. மேலே ஓட்டுச் சரிவு இருப்பதால் அந்தக் கதவில் மழை படாது. ஆனாலும் ஆள் வாய் உயரத்தில், வட்டமாக, பலகை நனைந்திருந்தது. வருஷக்கணக்காகப் படிந்த தூசி அந்த வட்டத்தில் மட்டும் இல்லை. நக்கி எடுத்திருந்தது. நக்கின தடத்தின் ஓரத்தில் வெண்மையாக நுரை வழிந்துகொண்டிருந்தது. ருக்சானா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களை அங்கணத்துக்கு ஓடி, குடித்த தேநீரை அப்படியே வாந்தி எடுத்தாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு தம்மாமுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, எங்க இருக்கீய?”

“எங்க இருப்பேன்? கம்பெனியிலதான். ஏன், அங்கன ரெண்டாவதா ஒருத்தன் வந்துட்டானா?” என்று சிரித்தான் நூர்முகம்மது.

“சிரிக்காதீய. எவனோ கதவத் தட்டி ஒங்க பேரச் சொல்லுதான்.”

சிரிப்பு நின்றது. “கதவத் தொறக்காத. புள்ள எங்க?”

புள்ள. யா அல்லாஹ், புள்ள!

முதலில் லேப்டாப்புக்கு ஓடி அந்த நிரலை நிறுத்தினாள். ‘நின்றது’ என்று திரை சொன்னது. இனி இந்த வீட்டுப் பெயர் ஒன்றும் வெளியே போகாது. மர்வாவின் பெயர் போகவில்லை. அது போதும். உடனே சபீதாவுக்குப் போன் போட்டாள்.

“லாத்தா, மர்வாவ அங்கனயே வச்சிருங்க. நானே வந்து கூட்டிக்கிடுதேன்.”

“நீ ஒண்ணு. மழை கூடுததுக்குள்ள போயிருதேன்னு இப்பத்தான் ஓடுனா. இந்நேரம் ஒன் வாசல்ல நிப்பா, பாரு.”

போனை வைப்பதற்குள் கரண்டு போயிற்று. வைஃபை பெட்டியின் பச்சைக் கண் அணைந்தது. அந்தித் தொழுகையான மஃரிப் நேரம், பள்ளிவாசல் மைக்கும் அடங்கிவிட்டதால் பாங்கு இந்தத் தெருவுக்கு எட்டவில்லை. ஓட்டில் விழும் மழையைத் தவிர ஊரே வாயடைத்துப்போனது. ருக்சானா குடையைத் தேடினாள். இருட்டில் கைக்கு அகப்படவில்லை. அந்த வாசலைத் தாண்டித்தானே என் பிள்ளை வர வேண்டும். அந்த எச்சில் வட்டத்துக்கு முன்னால்தானே வந்து நிற்கும்.

தட்டல்.

இந்தத் தடவை கதவின் கீழ்ப்பாதியில். சின்ன உயரத்தில்.

“ஆரு?”

“நான்தான்.”

மெல்லிய குரல். மனசு முழுக்கத் திற திற என்றது. திறக்கவில்லை. வாப்பாவின் மகள் அல்லவா?

“நான்னா ஆரு?”

“மர்வா.”

தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். நனைந்த சின்ன உடம்பு ஒன்று உள்ளே பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்தது. “என் ராசாத்தி, வந்துட்டியா!” என்று ஒரு கையால் அணைத்துக்கொண்டே மறு கையால் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டாள். அப்பாடா. இனி எது வேண்டுமானாலும் வெளியே நின்று நக்கட்டும்.

“இப்படியாட்டி நனைவ? தலையத் துவட்டணும், வா.”

பதில் இல்லை. பிடி இறுகியது. தலையைத் தடவினாள். முடி வழுக்கியது. வாய்க்கால் பாசிபோல் கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் மண்டை கெட்டியாக இல்லை, அமுக்கினால் அமுங்கியது. அமுங்கிய இடத்தில் விரல் மெல்ல வெதுவெதுப்பான சேற்றில் இறங்கினாற்போல் இறங்கியது. அந்த நாற்றம், அந்த மூடிக் கிடந்த வாயின் நாற்றம், இப்போது அவள் மார்புக்கு நேரே இருந்தது.

சலாம் சொல்லவில்லை.

இது சலாம் சொல்லவில்லை. வாய்க்கால் தெரு சொல்லவில்லை. பூமி சொல்லவில்லை. பேரை மட்டும்தான் சொன்னது.

இருட்டில் லேப்டாப் திரை மட்டும் எரிந்தது. அவள் நிறுத்திய நிரல் நிற்கவில்லை. கரண்டு இல்லை, வைஃபை இல்லை. வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

யார்? மர்வா.

யார்? மர்வா.

பிறகு ஒரு வரி. புதிது.

யார்? ருக்சானா.

அலற வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் விரல்கள் வந்தன. எலும்பில்லாதவை. சுட்ட கத்தரிக்காயின் தோல் உரித்த சதைபோல் வழவழத்தவை. நாக்கை அமுக்கி, அண்ணத்தைத் தடவி, தொண்டை வரைக்கும் போயின. உவர்ப்பு. ஊசிப்போன சோற்றின் புளிப்பு. குமட்டியது, குமட்டலுக்கும் வழியில்லை. வந்ததெல்லாம் அந்த விரல்களைச் சுற்றித் திரும்ப உள்ளேயே இறங்கியது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். தத்தக்கா பித்தக்கா என்று தண்ணீரில் குதித்துக்கொண்டு. பிறகு கதவில் டக் டக் என்று கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி, எலும்புள்ள சின்ன விரல்.

“அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா! மழைக்குக் கடையில ஒதுங்கி நின்னேன். தொறங்க!”

ஓடு. ஓடிரு புள்ள. சபீதா வீட்டுக்கு ஓடு. அத்தனையும் தொண்டைக்குள் கிடந்தது. காலால் கதவை உதைக்கப் பார்த்தாள். கால் தரையில் ஒட்டியிருந்தது. பிசுபிசுவென்று.

“உம்மா! நான்தான்!”

ருக்சானாவின் காதோரத்தில், அவள் கன்னத்தை நனைத்தபடி, ருக்சானாவின் குரல் கேட்டது. அதே அதட்டல். அதே செல்லம்.

“நான்னா ஆரு?”

வெளியே மர்வா கிளுக்கென்று சிரித்தாள். மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது.

“மர்வா பாத்திமா, நூர்முகம்மது மவ, வாய்க்கால் தெரு, மேலப்பாளையம், திருநெல்வேலி, இந்தியா, பூமி!”

இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் விலகவில்லை. வாய்க்குள் இருந்த கை விலகவில்லை. அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டு போய், தாழ்ப்பாளைத் தடவித் தேடிப் பிடித்தது.