கை இறங்கும்வரை

தட்டில் சோறு விழுந்த சத்தத்துக்கு அன்று சாயங்காலம் சீசர் தலையைத் திருப்பவில்லை. சம்பந்தத்தின் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அஸ்தினாபுரத்தில் அந்தத் தெருவே மெச்சிய நாய், ராஜபாளையத்து வெள்ளை. தட்டை வைத்துவிட்டுச் சம்பந்தம் கையைத் தூக்குவார். கை இறங்கும்வரை அது வாய் வைக்கக் கூடாது. வந்த விருந்தாளி காபி குடித்து, பேத்தி ஆடிய வீடியோவையும் பார்த்து முடிக்கிற மட்டும், எச்சில் நூலாக ஒழுக உட்கார்ந்திருக்கும். மனைவி சந்திரிகாவுக்கே அந்தக் கையைக் கண்டால் பேச்சு நின்றுவிடும் என்று தெருவில் சொல்வார்கள். காட்டாங்குளத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன அந்த அம்மாள், திரும்பும் நாளைச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

எதிர்வீட்டு ஹில்டா நீட்டிய பிஸ்கட்டைத் தின்ற குற்றத்துக்கு முந்தாநாளிலிருந்து நாய்க்குப் பட்டினி. பாவம் என்று சொல்ல வந்தவளிடம் சம்பந்தம் வள்ளென்று விழுந்திருந்தார்: "உங்க நாய் சோபாவுல தூங்குது. என் நாய் சொன்னதைக் கேக்குது. போய் வேலையைப் பாருங்கம்மா."

இன்று சோறு போட்டும் திரும்பாத திமிருக்கு, தட்டைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். பிரம்பை எடுக்கப் போனவர், தரை துடைத்த ஈரத்தில் வழுக்கிக் கண்ணாடி டீப்பாய்மேல் விழுந்தார். தொடை பிளந்தது. எழ முடியவில்லை. போன் பூஜை அறையில்.

மின்விசிறியின் கடகடப்புக்கு அடியில், பினாயில் வாசனையைத் தாண்டி எழுந்த இரும்பு நெடிக்கு நடுவில், தரையில் நகங்கள் டக் டக்கென்று அவசரமில்லாமல் நெருங்கி வந்தன. சீசர் ரத்தத்தை முகர்ந்தது. நக்கியது. பிறகு தொடையை. பல் பட்டது.

கையைத் தூக்கினார்.

சீசர் பின்வாங்கி உட்கார்ந்தது. வளர்ப்பென்றால் அதுதான் வளர்ப்பு.

கேட்டருகே ஹில்டாவின் குரல். "சார், என்னமோ உடைஞ்ச சத்தம் கேட்டுச்சே?"

கத்தினார். மொட்டைமாடியை உரசுவதுபோல் இறங்கிய விமானம் அதை விழுங்கியது.

"உள்ள வந்து கேட்டா அதுக்கும் பாய்வாரு." எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

மறுபடி வாயைத் திறந்தார். சீசர் உறுமியது. மூடினார்.

வெளிச்சம் போயிற்று. தோள் மரத்தது. தூக்கிய கைக்கு இடக்கையால் முட்டுக் கொடுத்தார். ரத்தம். வழுக்கியது.

வெள்ளை முகவாயில் சிவப்பு. காயத்தைச் சீசர் பார்க்கவில்லை. கையைத்தான்.

கை ஓர் அங்குலம் இறங்கியது.

வால் ஆடத் தொடங்கியது.