கிணற்றிடம் சொல்லிக்கொண்டு வந்தவன்

முட்டி இரண்டும் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எவனோ ஒரு பணக்காரன் வீட்டு வராந்தாவில் விடிந்ததிலிருந்து மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டியதில், முட்டிச் சிரட்டைக்குள் மணலை அள்ளிப் போட்டு அரைப்பதுபோல ஒரு வலி. மண்டி போட்டே பிழைத்தவன் அவன். அடுத்தவன் நிமிர்ந்து நடப்பதற்காகக் குனிந்தே கிடக்கிற பிழைப்பு.

விளக்கு வைத்த நேரம். குளியலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வெந்நீரை முட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தான். வாளிக்குப் பக்கத்தில் ஒரு கல் திரும்பி இருந்தது.

டைல்ஸ்காரர்கள் டைல்ஸைக் கல் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தரையில் ஒவ்வொரு கல்லின் மூலையிலும் ஒரு கொடியின் துண்டு இருக்கும். நான்கு கற்கள் சேர்ந்தால் பூ. இப்போது ஒரு பூவுக்கு ஓர் இதழ் இல்லை. அந்த இதழ் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. ஊரான் வீட்டில் 'எவன் பார்க்கப் போகிறான்' என்று விட்டிருக்கிறான். சொந்த வீட்டுத் தரையில் அப்படி விட்டவனில்லை. தினமும் பல் விளக்குகிற இடம். காலையில்கூடப் பூ முழுசாகத்தான் இருந்தது.

விரல் முட்டியால் பக்கத்துக் கல்லைத் தட்டினான். டக். கெட்டி. திரும்பிய கல்லைத் தட்டினான். பொம். அடியில் கலவை பிடிக்காத கல் வெற்றாகச் சத்தம் போடும், அது அவன் காது அறிந்ததுதான். ஆனால் அது பப்படம் நொறுங்குகிற மாதிரி மேலோட்டமான சத்தம். இதற்கு ஆழம் இருந்தது. அவன் வீடு மாடியில். கீழே தையல்காரன் வீடு, நடுவில் ஒரு சாண் கான்கிரீட். அந்த ஒரு சாணுக்குள் இவ்வளவு ஆழம் எங்கிருந்து வரும்?

இன்னொரு முறை தட்டிவிட்டுச் செம்பை எடுத்தான். முட்டியில் ஊற்றினான். துடைத்தான். எழுந்து நின்றான். அதற்கப்புறம் கீழேயிருந்து ஒரு தட்டல் வந்தது.

"கஞ்சப் பய," என்றான் வாய்க்குள். தையல்காரன்தான். மேலே தண்ணீர் சிந்தினாலே கட்டையால் கூரையை இடிக்கிற ஜன்மம்.

கூடத்தில் மனைவி சப்பணமிட்டு உட்கார்ந்து, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு, வளையல் போல.

"சனிக்கிழமை காலைல படகு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பிடலாம். ஒரே ஒரு ராத்திரி. ஏங்க, கேக்குதா?"

"கடலப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? வாளித் தண்ணில உப்பக் கரைச்சுத் தரேன். உக்காந்து பாரு."

"உப்பு வேற எதுக்கு? நீங்க பேசினாலே கரிக்குது."

"தீவுக்குப் போற மூஞ்சியப் பாரு."

"இந்த மூஞ்சிக்கு என்ன? ஊரான் லீவு சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுப் போட்டுத்தான் கை வெந்து கெடக்கு. கிளி போட்ட சட்டை, தென்னமரம் போட்ட சட்டை. ஒரு தடவையாவது நானும் ஒண்ணப் போட்டுக் கசக்கிட்டு வரேனே. கல்யாணமாகி ஒரு நாள் வெளியூர்ல தூங்கினதில்ல. எங்க அக்கா வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போகல?"

"யாரு, என் சகலையா? மணல்ல துண்ட விரிச்சு மல்லாந்து போட்டோ அனுப்பிச்சானே. கரையேறின பன்னி மாதிரி."

"பன்னியா இருந்தாலும் பொண்டாட்டியோட கரையேறுச்சு."

அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெள்ளைக் கட்டில், வெள்ளைத் திரை, மேசையில் ஒரு கிண்ணம் பூ. விரலால் தள்ளினாள். குளியலறை. தரையெல்லாம் கொடி. நான்கு நான்காகப் பூக்கள். நட்டநடுவில் ஒரு பூவுக்கு மட்டும் ஓர் இதழ் இல்லை.

"நம்ம வீட்டுக் கல்லு மாதிரியே இருக்குல்ல?" என்றாள். "அதான் இந்த ரூமையே எடுத்தேன்."

நம்ம வீட்டுக் கல் மாதிரி இல்லை. நம்ம வீட்டுக் கல்லேதான். இளவயசில் அந்தத் தீவு ஓட்டலுக்குக் கல் ஒட்டப் போனபோது மிஞ்சியதைச் சாக்கில் கட்டித் தூக்கி வந்துதான் இந்தக் குளியலறைக்குப் போட்டிருந்தான்.

அப்போது அது தீவுகூட இல்லை, கடலில் கிடந்த ஒரு மேடு. தகரக் கொட்டகை, படகில் வரும் அரிசி, நடுவில் ஒரு பழைய கிணறு. எவன் வெட்டினான், எதற்கு வெட்டினான் என்று சொல்ல ஆளில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீரா இருட்டா என்று தெரியாது. கத்தினால் எதிரொலி உடனே வராது. ஒரு பீடியைப் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்த பிறகு வரும், யோசித்துச் சொல்வதுபோல. கூட வேலை செய்தவர்கள் அந்தப் பக்கம் ஒன்றுக்குப் போகக்கூடப் பயந்தார்கள். தொடைநடுங்கிகள். அவன் மட்டும் தினமும் சோற்றைத் தின்றுவிட்டுப் போய் உள்ளே குனிந்து, மேஸ்திரியின் ஆத்தாளை அப்பனைத் திட்டிவிட்டு வருவான். கிணறும் திருப்பித் திட்டும். எல்லோரும் சிரிப்பார்கள், தூரத்தில் நின்று.

கடைசி நாள், ஓட்டல் குளியலறைச் சுவருக்குள் அகப்பட்டுவிட்ட அந்தக் கிணற்றின் மேல் பலகைக் கல் போட்டு மூடினார்கள். மூடுவதற்கு முன் அவன் எட்டிப் பார்த்து, கடைக்காரனிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவன் போல, "சரிப்பா, வரேன்" என்றான்.

காத்திருந்தான். பீடியை முழுக்கக் குடித்தான். எதிரொலி வரவில்லை. அத்தனை நாளும் கொடுத்ததையெல்லாம் திருப்பித் தந்த கிணறு, அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது.

அதற்கு மேல் கல் ஒட்டியதும் அவன்தான். படகுக்காரன் சங்கு ஊதிக்கொண்டே இருந்ததில் கடைசிக் கல் திரும்பிவிட்டது. எவன் பார்க்கப் போகிறான்?

"அங்க நான் வரல," என்றான்.

"ஏன்?"

கிணற்றுக்குப் பயம் என்று சொன்னால் இன்றைக்கே அக்காவுக்குப் போன் போகும். சகலை வயிறு குலுங்கச் சிரிப்பான்.

"மண்ணத் தின்னு வளந்தவன்டி நானு. மணல்ல படுக்கிறதுக்கு எவனோ சலாம் போடணுமா எனக்கு? வரலன்னா வரல."

"சொல்லித்தான் வெச்சிருக்கேன், ரெண்டு பேருன்னு."

"நான் வரமாட்டேன்!"

குளியலறைக் குழாய் அதுவரை சொட்டிக்கொண்டிருந்தது. வாளியில் விழும் சொட்டு, வீட்டில் யாரும் கவனிக்காத சத்தம். அது நின்றது. நின்ற பிறகுதான் அவ்வளவு நேரம் சொட்டியதே தெரிந்தது. கதவு இடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. மூடிப் போட்ட தண்ணீரின் வாடை, ஈரச் சுண்ணாம்பும் உப்பும் கலந்து. கடலுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் எத்தனையோ ஊர் இருக்கிறது.

மனைவி மூக்கை உறிஞ்சினாள். "பாத்ரூமக் கழுவி விட்டாத்தான் என்னவாம்?" என்று போனோடு எழுந்து, பெட்டியில் துணி வைக்க உள்ளறைக்குப் போனாள். "வேஷத்தப் பாரு. வராம எங்க போயிடுவாரு."

அவன் குளியலறைக் கதவை விரலால் தள்ளிப் பார்த்தான். கல் அப்படியே திரும்பிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைச் சிமெண்ட் இடுக்கு மட்டும் கறுத்து, நனைந்து, மெல்ல மேலே பொங்கி, மறுபடி உள்வாங்கியது. மூச்சு விடுகிற மாதிரி.

பேர்த்துவிட வேண்டியதுதான். உளி ஸ்கூட்டர்ப் பையில் இருந்தது, கீழே. கிளம்பும்போது வழக்கமாக வருகிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கடித்து விழுங்கினான். அவளிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல், செருப்புகூடப் போடாமல் படியிறங்கினான்.

தையல்காரன் வீட்டுக் கதவில் கையளவு பூட்டுத் தொங்கியது. வாசலில் பால் பாக்கெட் பை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகவே ஊரில் இல்லாத ஆள். அது அவனுக்கும் தெரிந்த சங்கதிதான். மறந்துவிட்டான். மறக்க வேண்டியிருந்தது.

உளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் படியில் கால் வைத்தான். மேலே மனைவியின் குரல் கேட்டது.

"இன்னும் உள்ள என்னங்க பண்றீங்க?"

"வரேன்."

அவன் குரல். பீடி கரகரப்போடு, இளவயசுக் குரல்.

"துண்டு வேணுமா?"

"வரேன்."

"நான் படகு ஏறினப்புறந்தான் வருவீங்களா?"

"வரேன்."

அவள் சிரித்தாள். "இப்பத்தான வரமாட்டேன்னு குதிச்சீங்க. சரி சரி, ரோஷம் எறங்கிடுச்சா?"

"ஏய்!" என்று கத்தினான். "ஏய், நான் இங்க இருக்கேன்டி!"

முட்டி மடங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். ஒரு படி. வலி கண்ணில் மின்னியது. இன்னொரு படி.

"வரேன் வரேன்னு சொன்னாப் போதுமா? வந்து தொலைங்க!"

ஒரு பீடி இழுக்கிற நேரம்.

பிறகு அவள் குரல், எரிச்சலாக, ரொம்பப் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோல. "கையப் புடிச்சு இழுக்காதீங்க. இருங்க, இதோ வரேன்."

கடைசிப் படிகளைக் கையால் ஊன்றி ஏறினான். நாய் மாதிரி. கதவு திறந்திருந்தது. கட்டிலில் பெட்டி. பெட்டிக்குள் தென்னைமரம் போட்ட சட்டை ஒன்று, அவன் அளவில், மடிப்புக் கலையாமல். போன் வெளிச்சம் அணையவில்லை. அறை உறுதி. இரண்டு பேர்.

குளியலறையில் விளக்கு எரிந்தது. யாரும் இல்லை.

தரை ஈரம். பூக்கள் எல்லாம் முழுசு. அந்தக் கல் திரும்பிச் சரியாக உட்கார்ந்திருந்தது. இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் காய்ந்து இறுகி, சுத்தமான வேலை. கத்தி முனை நுழையாத அந்த இடுக்கிலிருந்து அவள் எடுத்துப்போன துண்டின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தான். வரவில்லை. கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது.

உளியின் பின்புறத்தால் தட்டினான்.

டக்.

கெட்டி. உள்ளே நிறைந்த சத்தம்.

அப்போதுதான் பக்கத்துக் கல்லைப் பார்த்தான். அது மெதுவாக, கலவை ஈரம் காயாத கல் கைக்கு நகர்வதுபோல, திரும்பிக்கொண்டிருந்தது. இதழ் சுவரைப் பார்த்து நின்றது.

தட்டவில்லை. தட்டாமலே அடியிலிருந்து வந்தது. பொம். பின்னாலேயே, வெகு ஆழத்திலிருந்து, வாய் நிறையத் தண்ணீரோடு அவள் குரல்.

"என்னங்க... வரேன்னு சொல்லியிருந்தீங்களாமே?"

அவள் போனது அந்தக் கணக்கில் சேரவில்லை. கிணற்றிடம் அவன் சொல்லிவிட்டு வந்தது ஒரே ஒரு 'வரேன்'. அது இன்னும் பாக்கி.