பந்தின் மேல் உட்கார்ந்த போலா

லெயோன் மாமா முதுகில் கரிமூட்டையோடு படியேறி வந்ததைப் பார்த்ததும் சிறுமி போலா வாசலுக்கு ஓடினாள். போன வருஷம்வரை போலந்தின் கிராக்கோவ் நகரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. கால்பந்தில் அவர் கோல் போட்டால் மறுநாள் பேப்பரில் படம் வரும்.

"என்ன மாமா இது?"

"ஜெர்மன்காரன் ஊரைப் பிடிச்சதும் எங்க கிளப்பைப் பூட்டிட்டான். போலந்துக்காரங்க இனி பந்தையே தொடக் கூடாதாம். தொட்டா ஜெயிலு! இப்ப கரி சுமந்துதான் பொழப்பு." மாமா குரலைத் தணித்தார். "ஆனா ஞாயித்துக்கிழமை ஆத்தோரப் புல்வெளியில ஒரு மேட்ச் இருக்கு. மூச்சு விடாதே!"

ஞாயிறன்று போலா கரைமேட்டில் நின்று பார்த்தாள். மொத்தம் பதினான்கு பேர். கழற்றிப்போட்ட கோட்டுகள்தான் கோல் கம்பங்கள். மாமா காற்றாய்ப் பறந்துகொண்டிருந்தார்.

தற்செயலாகத் திரும்பியவள் அப்படியே உறைந்துபோனாள். ஆற்றுப் பாலத்தில் துப்பாக்கியோடு இரண்டு ஜெர்மன் சிப்பாய்கள்!

கத்தினால் அவர்களுக்கும் கேட்டுவிடுமே!

தடதடவென்று புல்வெளிக்குள் ஓடினாள். கையைக் கையை ஆட்டினாள். ஆட்ட மும்முரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. மாமாவின் காலடியில் வந்த பந்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், எந்திரிடி! கோல் போடுற நேரத்துல..."

"பாலத்துல சிப்பாய்ங்க, மாமா!"

மாமாவின் முகம் வெளுத்தது. "ஐயோ! பந்தைக் குடு, ஓடிடலாம்."

"பந்தோட ஓடினா மாட்டிக்குவீங்க. நான் பாத்துக்கறேன், போங்க!"

கோட்டுகளை அள்ளிக்கொண்டு எல்லோரும் புதருக்குள் மறைந்தார்கள். போலா பந்தைச் சுற்றிக் கவுனை விரித்துவிட்டு, பக்கத்திலிருந்த மஞ்சள் பூக்களைப் பறிக்க ஆரம்பித்தாள்.

கனத்த பூட்ஸுகள் அவள் எதிரே வந்து நின்றன.

"இங்க பந்து ஆடினது யாரு?" இளம் சிப்பாய் அரைகுறைப் போலிஷ் மொழியில் கேட்டான்.

"தெரியாதே. நான் பூப் பறிக்கிறேன்."

"எந்திரி!"

போலா கவுனின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"மாட்டேன்! என் கவுன் பின்னாடி கிழிஞ்சிருக்கு. நீங்க போனப்புறம்தான் எந்திரிப்பேன்!"

இளம் சிப்பாயின் காது சிவந்துவிட்டது. மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான். இருவரும் திரும்பிப் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள்.

மாமா புதரிலிருந்து ஓடிவந்தார். "நெஜமாவே கிழிஞ்சிருக்கா?"

"இல்லவே இல்ல!" என்றாள். எழுந்து கவுனைத் திருப்பிக் காட்டினாள். மாமா அவளை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்.

கைதட்டினால் சத்தம் வெளியே கேட்கும். அதனால் மற்ற பதின்மூன்று பேரும் தொப்பியைக் கழற்றி, ஓசையே இல்லாமல் தலைக்கு மேல் சுழற்றினார்கள்.