வாலுவின் மூச்சு

புதுக் காது மிஷினுக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தன்னுடைய மூச்சுதான் என்று வயர்லெஸ்காரர் முதலில் நினைத்தார். எண்பத்து நாலு வயதில் மூச்சு வாங்க மாடி ஏற வேண்டியதில்லை, குனிந்து செருப்பை மாட்டினாலே போதும். ஆனால் அவர் மூச்சைப் பிடித்து நிறுத்திப் பார்த்தபோதும் அது நிற்கவில்லை. ரப்பர் முகமூடிக்குள் இழுத்து, ரப்பருக்குள்ளேயே விட்டு, நடுவே ஈரமாக ஒரு சின்னச் சத்தம். சாயங்கால வெயில் கூடத்தில் நீளமாக விழுந்திருந்தது. அடுப்படியில் மகள் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவதும், தெருவில் போகிற சைக்கிள் மணியும், சுவர்க் கடிகாரத்தின் தட்டலும் எல்லாம் துல்லியமாகக் கேட்டன. அத்தனைக்கும் அடியில் அந்த மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"மிஷின்ல ஏதோ இரையுது" என்றார்.

"நேத்துதானேப்பா மாட்டினோம். பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரே" என்று மகள் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "அந்தம்மா வர்ற நேரம். கழட்டிக் கிழட்டி வெச்சுடாதீங்க. அது இல்லன்னா உங்க காதுல இடி விழுந்தாலும் கேக்காது."

அந்தம்மா என்றால் வாலுவின் அக்கா. போர்க்காலத்தில் ஒரே குண்டுவீச்சு விமானத்தில் பறந்த ஏழு பேரில் இவர் வயர்லெஸ் பார்த்தார், வாலுதான் இளையவன். விமானத்தின் வால்முனைக் கூண்டில், இமை உறைகிற குளிரில், துப்பாக்கியோடு தனியாக உட்கார்ந்திருப்பான். வாயும் சும்மா இருக்காது. பிறகு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவனிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. பேசி முடித்த பிறகும் முகமூடி மைக்கை அணைக்க மாட்டான். வழி முழுக்க அவன் மூச்சு எல்லோர் காதிலும் அடித்துக்கொண்டே இருக்கும்.

"டேய், மைக்க அணைடா. உன் மூச்சக் கேக்கவா வந்தோம்?" என்று வயர்லெஸ்காரர்தான் திட்டுவார்.

"நான் உயிரோட இருக்கேன்னு உங்களுக்குத் தெரிய வேணாமாண்ணே?" என்பான்.

நாளைக்கு அவன் படித்த பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் பொறித்த கல்லைத் திறக்கிறார்கள். பேசப்போவது வயர்லெஸ்காரர். பேச வேண்டியது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குண்டு பட்டது, இன்டர்காம் அறுந்தது, அந்த நொடியே பையன் போய்விட்டான், கஷ்டப்படவில்லை. அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினார். அவன் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது வந்தாயே என்று அழுதாள். அதற்கப்புறம் எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது?

அக்கா ஐந்து மணிக்கு வந்தாள். மகள் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க பேசுங்க, நான் துணி எடுத்துட்டு வந்துடறேன்" என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அக்கா டீயைத் தொடவில்லை.

"நாளைக்கு நீங்க பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்ணே. அம்மா இருந்தவரைக்கும் கேக்கப் பயந்தேன். இப்ப எனக்கும் நாள் கிட்ட வந்துடுச்சு. அவன் கடைசியா ஏதாவது சொன்னானா? எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். பொய் மட்டும் வேணாம்."

மூச்சு வேகமெடுத்தது. எரிகிற ரப்பர் நாற்றம் எங்கிருந்தோ வந்தது. வெயில் அப்படியேதான் இருந்தது, ஆனால் அவர் கால்விரல்கள் மரத்துப்போயின.

சொல்லிவிடலாம். இன்டர்காம் அறுந்துபோகவே இல்லை. விமானம் எரிந்தது. பைலட் குதிக்கச் சொன்னார். கூண்டின் கதவு இறுகிக்கொண்டது. 'அண்ணே, கதவு திறக்கல. அண்ணே, இருக்கீங்களா?' பத்து எட்டு வைத்தால் கூண்டுக்குப் போயிருக்கலாம். கதவை உடைக்கிற கோடாலி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. 'இருக்கேன்' என்று சொன்னால் போக வேண்டியிருக்கும். வயர்லெஸ்காரர் தன் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குதித்தார்.

"இல்லம்மா" என்றார். "ஒரே நொடி. பேச அவனுக்கு நேரமே இல்ல."

மூச்சு நின்றது.

"அண்ணே" என்றது காதுக்குள்.

மிஷினைப் பிடுங்கி மேசையில் எறிந்தார். உலகமே அடங்கிப்போனது. கடிகாரம் இல்லை. சைக்கிள் மணி இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அக்கா மேசையையே பார்த்தாள். பிறகு அந்தச் சின்ன மிஷினை எடுத்தாள். வேண்டாம் என்று சொன்னாரா, நினைத்தாரா, அவருக்கே கேட்கவில்லை. அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

முதலில் புருவம் சுருங்கியது. பிறகு முகம் முழுக்க மலர்ந்தது. அவள் உதடுகள் அசைவதை அவரால் படிக்க முடிந்தது.

'இருக்கேன்டா. அக்கா இருக்கேன்டா.'

கடுங்குளிரில் மூச்சு விடுவதுபோல் அவள் வாயிலிருந்து புகை வந்தது. இமைகளில் வெள்ளையாக ஏதோ படிந்தது. உறைபனி.

அவர் எழுந்தார். மகளைக் கூப்பிட வேண்டும். அடுப்படிக் கதவின் பிடியைத் திருகினார். திறக்கவில்லை. இன்னொரு கையைக் கதவில் ஊன்றி இழுத்தார். இம்மியும் அசையவில்லை. ஊன்றிய உள்ளங்கையில் அதிர்ந்தது. ஒரு தட்டு. இன்னொன்று. அந்தப் பக்கம் யாரோ தட்டுகிறார்கள்.

மகள்தான். மகளேதான்.

ஜன்னலுக்கு வெளியே, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் மகள்.

திரும்பினார். அக்கா இரண்டு கையாலும் மிஷினைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லாக, அவருக்குப் புரிகிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

'கதவு திறக்கலையாம்ணே. நீங்க அங்கதான் நிக்கறீங்களாம். இழுங்க.'

தட்டு. தட்டு. தட்டு.

அவர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அக்கா அதைப் பார்த்தாள். உறைந்த இமைகளைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்குப் பின்னால், சத்தமே இல்லாமல், கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.