ஜோடி டிஸ்க்

தம்பி வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. செருப்பை வாசலில் உதறிவிட்டு, தோள்பையை நாற்காலியில் போட்டான்.

"டீ அப்புறம் போடலாம். முதல்ல உன் கம்ப்யூட்டரைக் காட்டு."

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவன் தொழில். அக்கா, வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு விளம்பர வீடியோ வெட்டி ஒட்டித் தருகிறவள். ஒரு வருஷம் முன்பு கணவன் திடீரென்று மாரடைப்பில் போன பிறகு கையிலெடுத்த வேலை. ஒரு வீடியோவைத் திறந்தால் பாதியிலேயே திணறி நின்றுவிடும். வேலை கொடுத்தவர்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள்.

"உன் டிஸ்க் தாங்கலை. இதே அளவுல இன்னொண்ணு போட்டு ரெண்டையும் ஜோடி சேர்த்துட்டா வேகம் பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான். பிறகு யோசித்து, "மாமா மிஷின்ல ஒண்ணு இருக்குமே?"

அவள் சாவியைத் தேடி எடுத்தாள்.

கணவனின் அறையை அவன் போனதிலிருந்து பூட்டியே வைத்திருந்தாள். கதவைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த புழுக்கம் முகத்தில் மோதியது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. முகம் மழித்ததும் அவன் தடவிக்கொள்ளும் லோஷன். இன்று காலையில்தான் தடவியதுபோல் அத்தனை புதிதாக இருந்தது.

அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

அந்த மிஷினை அவன் யாரையும் தொடவிட்டதில்லை. ஒருமுறை தூசி தட்டப் போனவளின் மணிக்கட்டைக் கன்றிப்போகும்வரை பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். 'கையை எடு. என் பொருள்.'

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் விசிலடித்தபடி திருகுகளைக் கழற்றினான்.

இரண்டு டிஸ்க்கையும் அவளுடைய மிஷினில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினான். "இனிமே ஒரு வீடியோவை நறுக்கி, ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுலன்னு மாத்தி மாத்தி எழுதும். ரெண்டும் சேர்ந்து உழைக்கும். ஆனா ஒண்ணு போச்சுன்னா எல்லாமே போச்சு. வெளிய தனி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோ."

"அவர் டிஸ்க்ல இருந்ததெல்லாம்?"

"அழிச்சாச்சு. துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

வேகம் நிஜமாகவே பறந்தது. அந்தக் குஷியில் எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். மகளின் வீடியோக்களையும் ஏற்றிவிட்டு, இடம் வேண்டுமென்று போனில் இருந்தவற்றை அழித்தாள். வெளியே காப்பி எடுப்பது நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனது.

முதலில் சத்தம்தான். எதையும் திறக்காதபோதும் டிஸ்க் உள்ளே கரகரவென்று எழுதிக்கொண்டிருந்தது.

பிறகு வாசனை. அவள் அறையிலேயே.

பிறகு சோப்புக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "படம் நல்லா இருக்கும்மா. மியூசிக் நிக்கிற இடத்துல யாரோ மூச்சு விடறாங்களே, அதை மட்டும் எடுத்துடுங்க."

அவள் கேட்டுப் பார்த்தாள். மூச்சுதான்.

அன்று பிற்பகல் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் மடியில் சாய்ந்து, தான் முதன்முதலாக நீச்சலடித்த வீடியோவைப் போடச் சொன்னாள். போன மாதம் எடுத்தது. நீல நீரில் சின்னக் கைகள் அடித்தன. கரையைத் தொட்டதும் குழந்தை கத்தியது.

"அம்மா..."

*கையை.*

"பாரு..."

*எடு.*

"நானே..."

*என்.*

"நீந்திட்டேன்..."

*பொருள்.*

ஆண் குரல். குழந்தையின் சொல்லுக்குச் சொல் நடுவில், இடைவெளி பார்த்துச் செருகியதுபோல.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா எப்பம்மா குளத்துக்கு வந்தாரு?"

தம்பி மறுநாள் காலையிலேயே ஓடி வந்தான். ஹெட்போனை மாட்டிக் கேட்டவன் முகத்தில் ரத்தமே இல்லை. புது டிஸ்க்கில் காப்பி எடுத்துப் பார்த்தான். காப்பியிலும் அந்தக் குரல்; அந்தக் காப்பியை உடனே அழித்தான். வெட்டிப் பார்த்தான். ஒவ்வொரு வெட்டிலும் குழந்தையின் குரலும் சேர்ந்தே போனது.

"பாப்பா நடக்கக் கத்துக்கிட்டது இருக்கே, அதுல?" என்று கேட்டாள்.

அதிலும்.

"பிறந்த அன்னிக்கு எடுத்தது?"

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான். "அக்கா, மாமா டிஸ்க்கை உருவினா இது எதுவுமே மிஞ்சாது. திரும்ப எடுக்கவும் முடியாது. யோசிச்சுக்கோ."

அவள் திரையைப் பார்த்தாள். அதில் குழந்தை வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. அடுத்து வருவது யார் குரல் என்று அவளுக்குத் தெரியும்.

"உருவு."

தம்பி அசைவதற்குள் அவளே குனிந்து, வயரைப் பிடுங்கி, டிஸ்க்கை இழுத்தாள். அது உடம்புச் சூட்டில் இருந்தது.

தம்பி அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ச் சுத்தியலால் அடித்து நசுக்கினான். மகள் அன்று அழுது அழுது ஓய்ந்துபோனாள். அவள் பிறந்ததும், தவழ்ந்ததும், நீந்தியதும் இனி எங்கேயும் இல்லை. தலையைத் தடவிக் கொடுத்தபடி இருந்த அம்மாவுக்கு அழுகை வரவில்லை. தொலைந்தது தொலையட்டும், இத்தோடு விட்டதே என்றிருந்தது.

வீடு அடங்கிவிட்டது. வாசனை இல்லை. புது டிஸ்க் சத்தமில்லாமல் ஓடியது. கணவனின் அறை ஜன்னலைத் திறந்து வைத்தாள். வெயில் உள்ளே வந்தது.

சில நாள் கழித்து, காலை வேலைகளை முடித்து உட்கார்ந்தபோது தம்பி போன் செய்தான்.

"எப்படிக்கா இருக்கே?"

"நல்லா இருக்கேன்டா. பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டா. வீட்ல நான் மட்டும்தான்."

மறுமுனையில் பேச்சில்லை.

"கேக்குதாடா?"

"அக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உன் பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"நீ ஒரு வார்த்தை பேசுறே." அவன் எச்சில் விழுங்குவது கேட்டது. "அடுத்த வார்த்தை மாமா பேசுறாரு."

அவள் உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். மூச்சைக்கூட விடவில்லை.

போனில் தம்பி யாருடைய பேச்சையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை, "ம்" என்றான்.

பிறகு மிக மெதுவாகச் சொன்னான்.

"சரி மாமா."